மாயவன் சொன்னது

தெய்வசிகாமணி கடை டீயைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னவர் கச்சிராயபாளையத்தில் ஒருவரும் இல்லை. தண்ணீர் ஜாஸ்தி, தூள் கம்மி. பஸ் நிற்கிற இடத்தில் இன்னும் இரண்டு கடைகள் இருந்தன. அங்கே டீ டீயாகவே இருக்கும். இருந்தும் கூட்டம் இவர் கடையில்தான் மொய்க்கும். காரணம், வாசலில் மாட்டியிருந்த கரும்பலகை.

பலகையின் தலையில் ‘இன்றைய பேச்சு’ என்று எழுதியிருக்கும். அதன் கீழே ஊரில் யாரோ, எங்கோ, வாய் தவறியோ வாய்க்கொழுப்பிலோ சொன்ன ஒரு பேச்சு. கடைசியில் சொன்னவர் பெயர். பொன்மொழி எழுதிப் போடுகிற பலகை எந்த ஊரில்தான் இல்லை? ‘உழைப்பே உயர்வு’ என்று எழுதியிருக்கும், அதன் நிழலிலேயே நாலு பேர் படுத்துக் குறட்டை விடுவார்கள். தெய்வசிகாமணிக்கு அந்த மாதிரிப் பொன்மொழிகள் ஆகாது. சிரிப்பு வராத பேச்சு வெறும் சத்தம் என்பது அவர் கட்சி.

டவுன் பஸ்ஸில் கண்டக்டர், “உள்ள போம்மா, உள்ள எடம் கெடக்குது” என்று கத்தினார். “எடம் கெடந்தா நீ ஏன்யா படிக்கட்டுல தொங்கற?” என்றாள் ரங்கம்மாள். அன்று சாயங்காலமே அது பலகை ஏறியது. கள்ளக்குறிச்சி டாக்டர் சடையனைப் பார்த்து உப்பைக் கம்மி பண்ணு, சர்க்கரையைக் கம்மி பண்ணு, எண்ணெயைக் கம்மி பண்ணு என்று அடுக்கினாராம். “உங்க பீஸ மட்டும் கம்மி பண்ணிடாதீங்க” என்று கும்பிட்டுவிட்டு வந்தான் சடையன். கோமுகி அணையைச் சுற்றிப் பார்க்க வந்த ஒருவர் தண்ணீரே இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டபோது, அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த இருசம்மாள் சொன்னாள்: “இருந்துச்சிங்க. நீங்க வர்றத முன்னாடியே சொல்லியிருந்தா வச்சிருந்திருப்போம்.”

இந்த மாதிரிப் பேச்சுகளை எங்கிருந்தாலும் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவார். சாவு வீட்டுக்குப் போனாலும் காது மட்டும் தனியாக வேலை பார்க்கும். நோட்டுப் போட்டு எழுதி வையேன் என்று யாராவது சொன்னால், நோட்டில் எழுதினால் சிரிப்பைப் பூச்சி அரித்துவிடும் என்பார். எல்லாம் மண்டையில்தான். அதில் மிகமிக உசத்தியானவற்றை மட்டும், கட்சிச் சுவர் எழுதுகிறவனைக் கூப்பிட்டு, கடையின் உள்சுவரில் பச்சைப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். பலகை தினம் அழியும். சுவர் அழியாது. சுவரில் ஏறியவன் சாகாவரம் வாங்கியவன்.

இரண்டு விஷயங்களை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஒன்று, பொறுக்கிய பேச்சை அவர் அப்படியே எழுதுவதில்லை. முன்னால் கொஞ்சம் நறுக்குவார், பின்னால் ஒரு வார்த்தையைத் திருப்பிப் போடுவார். வேர்க்கடலை விற்கிறவன் மண்ணோடா விற்கிறான் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொள்வார். இன்னொன்று, பலகையில் ஏறிய பெயர்களெல்லாம் கூலிக்குப் போகிறவர்களுடையவை, கிழவிகளுடையவை, மாடு மேய்க்கிறவர்களுடையவை. நிலபுலம் உள்ள யாராவது அசட்டுத்தனமாக எதையாவது உளறினால் அதன் கீழே ‘ஒரு பெரியவர்’ என்று மட்டும் போடுவார். தெய்வசிகாமணிக்கும் நாலு ஏக்கர் இருந்தது. ஊரோடு ஒத்துப் போக வேண்டுமே.

உள்சுவரில் முதல் பேச்சாக, பெரிய எழுத்தில் இருந்தது இது:

‘பொண்டாட்டி ஏன் போனாள்னு தெரியும். இத்தினி நாள் ஏன் இருந்தாள்னுதான் தெரியல. — மாயவன்.’

மாயவன் கரும்பு வெட்டுகிறவன். அவன் மனைவி செல்லியம்மாளுக்கு மலைமேல் கரியாலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை கிடைத்தது. அங்கேயே தங்க வேண்டும்; மாதத்துக்கு ஒரு முறை லீவு. ஒரே மகள் தங்கமணியைப் படிக்கவைக்க வேண்டும் என்று அந்தம்மா துணிந்து மலை ஏறியது. இது ஊருக்கே தெரியும். தெரிந்ததால்தான் அந்தப் பேச்சு சிரிப்பாக இருந்தது. கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டி என்றால் யார் சிரிப்பார்கள்?

முதல் நாள் பலகையில் அதைப் பார்த்த மாயவன் கொஞ்ச நேரம் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தான். “நானாண்ணா சொன்னன்?” என்று கேட்டான். நீதாண்டா என்றார் தெய்வசிகாமணி. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் அவன் முதுகில் தட்டிச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அன்றைக்கு அவனுக்கு டீ இனாம். பிறகு அது சுவரில் ஏறி, வருஷங்கள் ஓடிவிட்டன. அவனை யார் பார்த்தாலும் அந்தப் பேச்சைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவனும் பல்லைக் காட்டிவிட்டுப் போவான். செல்லியம்மாள் லீவுக்கு வரும்போது பஸ் நிற்கிற இடம்வரை வராமல் முந்தின நிறுத்தமான அணைக்கட்டிலேயே இறங்கி, வாய்க்கால் மேட்டோடு நடந்து வீட்டுக்குப் போவதைத் தெய்வசிகாமணி கவனித்தார். அதையும் விடவில்லை. ‘புருசன் மூஞ்சப் பாக்கறத இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடலாம்னு அணைக்கட்டுலயே எறங்கிடுது’ என்று பெஞ்சுக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்கவைத்தார்.

தங்கமணி படித்து, கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குச் சின்னசேலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்குச் சொந்தமாக மெக்கானிக் ஷாப். கெட்ட பழக்கம் கிடையாது. பெரிதாக எதிர்பார்ப்பும் இல்லை. கரும்பு வெட்டுகிறவன் மகளுக்கு அப்படி ஓர் இடம் இன்னொரு தடவை வாய்க்காது. தரகர் பொன்னுரங்கம் எல்லாம் பேசி, வரும் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று நாள் சொல்லியிருந்தார். இது தெய்வசிகாமணிக்குத் தெரியாது. முடிகிற காரியம் முடிகிறவரை வாய் திறக்கக்கூடாது என்பது ஊர் வழக்கம். அதிலும் டீக்கடையில் மூச்சு விட்டால் மறுநாள் பலகையில் வந்துவிடும் என்று மாயவன் பயந்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பெண் பார்க்க வருவதாகச் சொன்ன நாளுக்கு முன்பே, பையன் வீட்டார் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து அந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்துவிட்டுப் போவார்கள். தரகன் பேச்சு தண்ணீரில் எழுத்து. டீக்கடைக்காரன் பேச்சுதான் பத்திரம். அந்த வகையில் தெய்வசிகாமணி கெட்டவர் இல்லை. விசாரிக்க வந்தவர்களிடம் எந்தக் குடும்பத்தையும் விட்டுக்கொடுத்ததில்லை. விடியும் முன்னே சாராயக்கடை வாசலில் நிற்கிறவனைப் பற்றிக் கேட்டாலும், உடம்பு வலிக்கு எப்போதாவது போடுவான், மற்றபடி தங்கம் என்பார். அவர் வாயால் நடந்த கல்யாணங்கள் ஊரில் நிறைய உண்டு.

ஆனால் புதன்கிழமை காலை வந்து உட்கார்ந்த இரண்டு பேர் எதையுமே விசாரிக்கவில்லை.

வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர். கூட அவர் மனைவி. எந்த ஊர் என்று கேட்டதற்குச் சின்னசேலம் என்றார்கள். சும்மா அணையைப் பார்க்கலாம் என்று வந்தோம் என்றார்கள். அணையில் முழங்கால் தண்ணீர்கூட இல்லாத வெயில் காலம் அது. பஸ் ஏறி வந்து பார்க்க அங்கே ஒன்றும் இல்லை என்பது டீக்கடைக்காரருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இதுவரை கேட்டிராத காது இரண்டு ஜோடி கிடைத்த குஷியில் இருந்தார் அவர். உள்ளூர்க்காரன் எல்லாப் பேச்சையும் கேட்டவன், வெளியூர்க்காரன் புத்தம்புதியவன்.

அந்த அம்மாள்தான் சுவரைப் பார்த்து முதலில் சிரித்தது. “யாருங்க இந்த மாயவன்?” என்று கேட்டது. அவ்வளவு போதாதா? தெய்வசிகாமணி தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். மாயவன் முகத்தைத் தன் முகத்தில் வரவழைத்தார். அவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி பிடித்தார். இழுத்து, நிறுத்தி, சரியான இடத்தில் வரியைப் போட்டார். பெரியவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அந்தப் பொம்பளை இப்போது எங்கே என்று கேட்டார் பெரியவர். “மலைக்கிப் போனதுதாங்க. மாசத்துக்கு ஒருவாட்டி வந்து, இவன் இன்னும் இருக்கறானான்னு பாத்துட்டுப் போயிடும்” என்றார் தெய்வசிகாமணி. அதற்கும் சிரிப்பு. காசைக் கொடுத்துவிட்டு அவர்கள் திரும்புகிற பஸ்ஸில் ஏறிப் போனார்கள். அணைப்பக்கம் போகவே இல்லை. வியாபாரம் நன்றாக நடந்த சந்தோஷத்தில் தெய்வசிகாமணி அதையும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாயவன் வீடு சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று இருந்தது. செல்லியம்மாள் லீவு சொல்லிவிட்டு வந்து முறுக்கு சுட்டு வைத்திருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்திருந்தன. காலையில் வருகிறோம் என்றவர்கள் மத்தியானம்வரை வரவில்லை. மத்தியானத்துக்குப் பிறகும் வரவில்லை. வெளுத்த சட்டையோடு மாயவன் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து சின்னசேலம் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைக்குள் கூப்பிட்டு, யாரை எதிர்பார்க்கிறாய் என்று தெய்வசிகாமணி கேட்ட பிறகுதான் அவன் விஷயத்தைச் சொன்னான். அவர் கையில் டீ கலந்துகொண்டிருந்த டம்ளர் அப்படியே நின்றது. புதன்கிழமை வந்தவர்களின் ஊர் அவருக்கு ஞாபகம் வந்தது. அப்படி இருக்காது என்று நினைத்தார். இருக்கக்கூடாது என்று கடையில் மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்தார்.

அடுத்த பஸ்ஸில் பொன்னுரங்கம் மட்டும் வந்து இறங்கினார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மாயவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். தரகருக்கும் அலைந்த கோபம் இருக்கும் அல்லவா? பெஞ்சில் உட்கார்ந்து எல்லோர் முன்னிலும் சொன்னார்.

“அவங்க புதங்கெழமையே வந்து விசாரிச்சிட்டாங்க மாயவா. ‘தாயப் போல புள்ள, நூலப் போல சேல. கட்டன புருசன வுட்டுட்டு மலைக்கிப் போன பொம்பள பெத்த பொண்ணு எங்களுக்கு வாணாம்’னு சொல்லிட்டாங்க. நா எவ்ளவோ சொன்னேன். ‘உங்க ஊர் டீக்கடையிலயே பேர் போட்டு எழுதி வச்சிருக்குது, அதுக்கு மேல இன்னாய்யா விசாரிக்கறது’ன்னாங்க.”

மாயவன் திரும்பிச் சுவரைப் பார்த்தான். அன்று முதன்முதலாகப் பலகையைப் பார்த்தபோது எழுத்துக்கூட்டிப் படித்தானே, அதேமாதிரி மெதுவாக வாயசைத்துப் படித்தான். தெய்வசிகாமணிக்குக் காதுமடல் சுட்டது. அவன் இப்போது திரும்புவான், ஊர் பார்க்கத் தன்னைத் திட்டுவான் என்று நின்றார். அவன் குடிக்காத டீக்கு மேஜையில் காசை வைத்துவிட்டு இறங்கிப் போனான். திட்டியிருந்தால் தேவலை. அந்தக் காசைத் தொட அவருக்குக் கை வரவில்லை.

அடுப்படியில் வடை போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி அமிர்தம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இத்தினி வருசமா எழுதறீங்களே, ஒரு நாளாவது உங்க பேரப் போட்டு எழுதியிருக்கீங்களா? நீங்க இன்னா ஒளறாத ஆளா?”

அவர் துடைத்த பெஞ்சையே துண்டால் மறுபடி துடைத்தார்.

மறுநாள் அவர் சின்னசேலத்துக்குப் பஸ் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரிப்பு வராத மாதிரி பேச வேண்டியிருந்தது. அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் வீடு. பெரியவர் பெயர் காசிநாதன், மனைவி கொளஞ்சியம்மாள். கோபத்தோடு எதிர்கொள்வார்கள் என்று பயந்து போனவரை, வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே இழுத்தார் காசிநாதன். மனைவியைக் கூப்பிட்டு, கச்சிராயபாளையத்து டீக்கடைக்காரர் வந்திருக்கிறார் என்றார். அதற்குள் பக்கத்து வீட்டு ஜனங்களும் வாசலில் கூடிவிட்டார்கள். அந்த மாயவன் பேச்சை இவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்றார்கள். அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. எல்லோர் முகத்திலும் சிரிப்பு தயாராக நின்றது. இப்படிப்பட்ட முகங்களுக்காகத்தான் அவர் இத்தனை வருஷம் கடையே நடத்தினார். இன்று அவற்றைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டார்.

“அது மாயவன் சொன்னது இல்லீங்க. நா சொன்னது. அவன் பேரப் போட்டேன், அவ்ளவுதான்” என்றார்.

வாசலே குலுங்கிச் சிரித்தது. பேச்சை எப்படித் திருப்பிப் போடுகிறார் பார் என்று காசிநாதன் மெச்சினார். தெய்வசிகாமணி விடவில்லை. செல்லியம்மாள் விடுதியில் சமையல் செய்கிறாள், மகளைப் படிக்கவைக்கத்தான் போனாள், புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு மனத்தாங்கலும் கிடையாது என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். சிரிப்பு மெல்ல அடங்கியது. பெண் வீட்டார் சொல்லி அனுப்பினார்களா என்று கேட்டாள் கொளஞ்சியம்மாள். இல்லை, நானாகத்தான் வந்தேன் என்றார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பிவிட்டாள் என்று தெரிந்தது. அவள் அடுத்துச் சொன்னதைக் கேட்டபோது, நம்பாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

“நீங்க சொல்றது நெஜமாவே இருக்கட்டும்ணா. நாங்க அன்னிக்கி வந்ததும் வராததுமா இந்தத் தெரு பூரா சொல்லிச் சிரிச்சிட்டமே. அந்தப் பொண்ணு வர்றதுக்கு முன்னாடியே அந்தப் பேச்சு வந்து குந்திக்கினுது. நாளைக்கி எம்மருமவ கொழாயடிக்கிப் போனா நாலு பேரு அதச் சொல்லித்தான் சிரிப்பாங்க. அவங்க வாய நா மூட முடியுமா, நீங்க மூட முடியுமா?”

தெய்வசிகாமணி தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்தார். நல்ல காப்பி. நன்றாக இருக்கிறது என்று சொல்லக்கூட அவருக்கு வாய் எழவில்லை.

திரும்பி வந்தவர் கடைக்குப் போகவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் கரும்புத் தோட்டத்தைத் தாண்டி மாயவன் வீட்டுக்குப் போனார். அந்தத் தெருவில் அவர் கால் வைத்ததே இல்லை. பேச்சு மட்டும்தான் அங்கிருந்து அவரிடம் வரும். மாயவன் பதறி எழுந்து நாற்காலி போட்டான். மாப்பிள்ளை வீட்டாருக்காக இரவல் வாங்கிய நாற்காலி. இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. செல்லியம்மாள் தட்டில் முறுக்கு வைத்தாள். அதுவும் அவர்களுக்காகச் சுட்டதுதான். தங்கமணி கதவுக்குள்ளே நின்றாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்த முறுக்கைப் பார்த்துக்கொண்டு, அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

சின்னசேலம் போனதைச் சொன்னார். காரியம் ஆகவில்லை என்பதையும் சொன்னார். மாயவன், விடுங்கண்ணா, நம்ம தலையெழுத்து என்றான். அந்த ‘அண்ணா’வைத் தாங்க முடியாமல் அவர் மளமளவென்று கொட்டிவிட்டார்.

“அது நீ சொன்னது இல்ல மாயவா. உனக்கும் தெரியும். நாந்தான் திருத்தி எழுதனேன். நீ சொன்னது வேற.”

செல்லியம்மாள் நிமிர்ந்தாள்.

“அப்ப இவரு இன்னாதான் சொன்னாரு?”

தெய்வசிகாமணிக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. பொறுக்குகிறவன் மறக்க மாட்டான். தூறல் விழுந்துகொண்டிருந்த சாயங்காலம். செல்லியம்மாள் மலை ஏறிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ‘போன பொண்டாட்டி திரும்ப வருவாளாடா?’ என்று பெஞ்சில் எவனோ சீண்டினான். மாயவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னான்.

“‘ஏன் போனாள்னு எனக்குத் தெரியும், எங்க பொண்ணுக்காகத்தான் போனா. என்ன மாதிரி ஆளுகூட இத்தினி வருசம் மொகம் கோணாம இருந்தாளே, அதுதான் எப்டின்னு எனக்குத் தெரியல.’ இதாம்மா அவன் சொன்னது. பொண்ணையும் மொகத்தையும் நறுக்கிட்டு மீதிய நா எழுதனேன்.”

செல்லியம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு ஞாபகம் இல்லை என்றான். உண்மையாகவே அவனுக்கு மறந்திருக்கலாம். சுவரில் இருந்ததுதான் அவனுக்கும் ஞாபகமாகிப் போயிருக்கும். அவன் சொன்ன பேச்சை இத்தனை வருஷம் முழுசாக வைத்திருந்தவரும் அதைக் கெடுத்தவரும் ஒருவர்தான்.

“பஸ்ஸ வுட்டு எறங்கனா மொதல்ல கண்ணுல படறது அந்தச் செவுருதாண்ணா” என்றாள் செல்லியம்மாள். குரல் உயரவில்லை. “அதப் பாக்க முடியாமத்தான் அணைக்கட்டுலயே எறங்கி நடந்துக்கினு இருந்தேன்.”

இவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அம்மா என்றார் அவர்.

“எதக் கேக்கறது? சொன்னவரு பேரப் போட்டில்ல எழுதியிருக்குது.” பிறகு அவளே கேட்டாள்: “இவரு சொன்ன மாதிரியே ஏண்ணா எழுதல?”

பொய் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. “சிரிப்பு வரலம்மா” என்றார்.

உள்ளே தங்கமணி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தெய்வசிகாமணி எழுந்தார். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வந்திருந்தார்; அதைக் கேட்கிற யோக்கியதை இல்லை என்று தோன்றியதால் செருப்பை மாட்டிக்கொண்டார். வாசல்வரை வந்த செல்லியம்மாள் மெதுவாகச் சொன்னாள்:

“இப்ப சொன்னீங்களே, அதையும் எழுதிடாதீங்க. அது ஒண்ணாச்சும் எங்க வூட்டோட கெடக்கட்டும்.”

மறுநாள் காலையில் அவர் கொத்துக் கரண்டியை எடுத்து உள்சுவரைச் சுரண்டத் தொடங்கினார். நல்ல பெயிண்ட், அவரே கேட்டுக் கேட்டு வாங்கிக் கொடுத்தது. லேசில் வரவில்லை. வாசல் பலகையில் ஒன்றும் எழுதவில்லை. டீ குடிக்க வந்தவர்களுக்கு அது ஊரடங்கு போட்ட மாதிரி இருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். சுண்ணாம்பு அடிக்கப் போகிறாரா என்றார்கள். அவர் எதற்கும் வாய் திறக்காமல் சுரண்டினார். அவர் ஓர் எழுத்தைச் சுரண்டுவதற்குள், மறந்துவிடப் போகிறது என்று பெஞ்சுக்காரர்களில் ஒருவனான வேடியப்பன் முழு வரியையும் ராகத்தோடு சொல்லிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். சுவரில் அழிந்துகொண்டிருந்தது இருபது வாயில் பத்திரமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மாயவன் கரும்பு வெட்டுகிறவர்களோடு ரோட்டில் போனான். தோளில் கத்தி, தலையில் துண்டு. வேடியப்பன் அவனைக் கைதட்டிக் கூப்பிட்டான். செவுத்துலேர்ந்து போவப்போவுது, கடைசியா ஒருவாட்டி நீயே சொல்லிட்டுப் போடா என்றான்.

மாயவன் நின்றான். எப்போதும் காட்டுகிற பல்லைக் காட்டவில்லை. தெய்வசிகாமணியை ஒரு பார்வை பார்த்தான்.

“அது நா சொன்னது இல்ல. அண்ணன் சொன்னது” என்றான்.

பெஞ்சு உருண்டு சிரித்தது. ஒருவனுக்குப் புரையேறியது. வேடியப்பன் பலகையைக் காட்டி, “இத எழுதுண்ணே மொதல்ல, இதான் இன்னிக்கிப் பேச்சு” என்றான்.

தெய்வசிகாமணி கரண்டியைக் கீழே போட்டார். கை முழுக்கப் பச்சைப் பெயிண்டுத் தூள். அவன் சொல்வது நிஜம், அதைச் சொன்னது நான்தான், அந்தப் பொய்யால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோய்விட்டது என்று கத்திவிட வேண்டும்போல் இருந்தது. கத்த முடியவில்லை.

“அவன் சொல்றது நெஜம். நாந்தான் சொன்னேன்” என்றார்.

மாயவன் அதற்குள் தன் ஆட்களோடு கரும்புத் தோட்டத்துப் பக்கம் திரும்பிவிட்டிருந்தான். அமிர்தம் வடைச் சட்டியைப் பார்த்தபடி நின்றாள். மற்றவர்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்கள். அவர் வாழ்நாளில் சொன்ன எந்தப் பேச்சுக்கும் இவ்வளவு பெரிய சிரிப்பு கிடைத்ததில்லை.